ஆட்டோ கார் பார்க்கிங்கில் ஸ்டார்ட் ஆகவில்லையா? வயரை இணைத்துவிடச் சொல்லாதீர்கள்

சில மாதங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஒரு பழைய ஆட்டோ கார் வந்தது. முன் பம்பர் இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் கயிற்றால் கட்டியிருந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். “அண்ணே, பம்பர மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

எங்கே மோதினீர்கள் என்று கேட்டேன். வீட்டுச் சுவரில் என்றார். அதுவும் தம் சொந்த வீட்டுச் சுவரில்.

அவர் சொன்னது இதுதான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு லைன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். கை நிறைய சாமான். கியரை டிரைவிலேயே விட்டு, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை அரைகுறையாக இழுத்துவிட்டு இறங்கிவிட்டார். சமதளம் என்பதால் கார் நகரவில்லை. அரை மணி நேரம் கழித்து, காரை நிழலில் நிறுத்தலாம் என்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருக்கிறார். கார் உறுமிக்கொண்டு வாசலில் ஏறிவிட்டது. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி சுவரோடு நசுங்கியது. அந்த நாற்காலியில்தான் அவருடைய அம்மா தினமும் மாலையில் உட்காருவார். மாத்திரை போடுவதற்காகச் சற்று முன்புதான் எழுந்து உள்ளே போயிருந்தாராம்.

அவர் இதைத் தம்முடைய கவனக்குறைவு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அதில் பாதி உண்மை. ஆனால் டிரைவில் இருக்கும் ஆட்டோ கார் சாவியைத் திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகவே கூடாது. நான் பம்பரை விட்டுவிட்டு பானெட்டைத் திறந்தேன். பேட்டரிக்குக் கீழே, கியர் பாக்ஸ் பக்கம் போகும் வயர் கற்றையில் இரண்டு வயர்களைத் தோலுரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. காலையில் கார் ஸ்டார்ட் ஆகாமல் தொல்லை கொடுத்ததாம். ஒரு பட்டறையில், “சுவிட்ச் போய்விட்டது, சாமான் கிடைக்காது, டைரக்ட் பண்ணி விடுகிறேன்” என்று சொல்லி முப்பது வெள்ளி வாங்கினார்களாம். அதன் பிறகு ஒரு தொல்லையும் இல்லை என்று அவருக்கு மகிழ்ச்சிதான்.

இப்படி ‘டைரக்ட்’ செய்த கார்கள் நம் தாமான்களிலும் தோட்டங்களிலும் எத்தனையோ ஓடுகின்றன. பலருக்குத் தங்கள் காரில் அது செய்யப்பட்டிருப்பதே தெரியாது. அதனால்தான் இந்தச் சின்னச் சாமானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த சுவிட்ச் என்ன வேலை செய்கிறது?

இதற்கு ‘நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச்’ என்று பெயர். நம் ஊர்ப் போமன்கள் ‘இன்ஹிபிட்டர் சுவிட்ச்’ என்பார்கள். சாமான் கடையில் இரண்டு பெயரில் எதைச் சொன்னாலும் புரியும்.

நீங்கள் கியர் ராடை அசைக்கும்போது ஒரு கேபிள் கியர் பாக்ஸில் உள்ள ஒரு சிறு தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டின் மேல்தான் இந்த சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே செம்புத் தகடுகள் இருக்கும். பார்க்கிங்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஒரு ஜோடித் தகடுகள் சேர்ந்து, சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரத்துக்கு வழி விடும். ரிவர்ஸ், டிரைவ் என்று மற்ற எந்த இடத்தில் இருந்தாலும் வழி அடைபட்டிருக்கும். சாவியை எவ்வளவு திருப்பினாலும் ஸ்டார்ட்டர் சுற்றாது.

ரிவர்ஸ் விளக்கு எரிவதும் பெரும்பாலான ஆட்டோ கார்களில் இதே சுவிட்சால்தான். மீட்டரில் கியர் எழுத்து ஒளிர்வதற்கும், கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு “இப்போது ராட் எங்கே இருக்கிறது” என்று சொல்வதற்கும் இதுவே காரணம். அந்தத் தகவல் தப்பாகப் போனால் சில கார்களில் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். கிளம்பும்போது கார் கனக்கும், மேடு ஏறாது. கியர் பாக்ஸே போய்விட்டது என்று நினைத்து ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தயாராகிவிடுவார்கள். நான் பார்த்தவற்றில் சில கார்களுக்கு இந்த சுவிட்சை மாற்றியதோடு பிரச்சினை முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேன்யுவல் காரில் கியரில் வைத்து ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரே காரைத் தள்ளும். ஒரு குலுக்கலோடு நின்றுவிடலாம். ஆட்டோ காரில் நிலைமை வேறு. இன்ஜின் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். ஆறிப்போன இன்ஜின் முதலில் கொஞ்சம் வேகமாகத்தான் சுற்றும். அந்த வேகம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். கார் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து எண்ணெய்ப் பெடலை மிதிப்பவர்களும் உண்டு. சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கெட்டுப்போனதை எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் முதலில் தெரியும் அறிகுறி, பார்க்கிங்கில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மீட்டர் விளக்குகளும் ரேடியோவும் வழக்கம்போல எரிகின்றன. பிரேக்கை மிதித்து ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அல்லது ராடைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஸ்டார்ட் ஆகிறது. இப்படி இருந்தால் சந்தேகம் இந்த சுவிட்சின் மேல்தான். அல்லது அதை அசைக்கும் கேபிள் தளர்ந்திருக்கலாம்.

ரிவர்ஸ் விளக்கு சில நாள் எரிந்து சில நாள் எரியாமல் இருப்பது, மீட்டரில் கியர் எழுத்து மறைவது, டிரைவில் இருக்கும்போது வேறு எழுத்து காட்டுவது ஆகியவையும் இதே குடும்பம்தான். புதிய கார்களில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் பி0705 என்ற குறியீடு வரலாம். கியர் நிலையைச் சொல்லும் சுவிட்சில் அல்லது அதன் வயரில் கோளாறு என்று அதற்குப் பொருள். சுவிட்சை மட்டும் குற்றம் சொல்லும் குறியீடு அல்ல அது. வயரையும் பார்க்க வேண்டும்.

ஆனால் ஸ்டார்ட் ஆகாத காரெல்லாம் சுவிட்ச் கெட்ட கார் அல்ல. சாவியைத் திருப்பியதும் விளக்குகள் மங்கி ‘டிக் டிக்’ என்று அடித்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, இன்ஜின் அணைந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். இது இலவச வேலை. பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காராக இருந்தால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். பிரேக் பெடல் சுவிட்ச் கெட்டிருந்தாலும் அந்த வகைக் கார் ஸ்டார்ட் ஆகாது.

பட்டறையில் நாங்கள் செய்யும் சோதனை ஒன்று. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப, ஸ்டார்ட்டருக்கு வரும் சின்ன வயரில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்ப்போம். விளக்கு நன்றாக எரிந்தும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் கோளாறு ஸ்டார்ட்டரில். சுவிட்சைக் கழற்ற வேண்டியதே இல்லை. விளக்கு எரியவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்று வரிசையாகத் தேட வேண்டும். கடைசியில் சுவிட்சின் சோக்கெட்டைக் கழற்றி மல்ட்டிமீட்டரை வைத்தால் தெளிவாகிவிடும். ஸ்டார்ட்டருக்கு உரிய இரண்டு முனைகளுக்கு இடையே பார்க்கிங்கிலும் நியூட்ரலிலும் பீப் சத்தம் வர வேண்டும், மற்ற இடங்களில் வரக் கூடாது. எந்த இரண்டு முனைகள் என்பது காருக்குக் கார் மாறும். வயரிங் படம் இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள்.

ஏன் கெடுகிறது என்று கேட்பார்கள். தேய்மானம் ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி நீரில் நின்ற கார்களில் இன்ஜின் பிழைத்தாலும், இந்த மாதிரி தாழ்வான இடத்தில் இருக்கும் சோக்கெட்டுகள் பல மாதம் கழித்துப் பச்சைப் பூத்து வேலையைக் காட்டும். வெள்ளம் வேண்டியதுகூட இல்லை. பானெட்டைத் திறந்துவைத்து அழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவுகிறோமே, அதுவும் போதும்.

மாற்றும் வேலை

கையில் ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய வேலை அல்ல. ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முன்சக்கரம் இழுக்கும் சாதாரணக் கார்களில் சுவிட்ச் பெரும்பாலும் கியர் பாக்ஸின் மேல்பக்கம் அல்லது முன்பக்கம் இருக்கும். பேட்டரியையும் அதன் தட்டையும், அல்லது காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்றினால் கண்ணில் படும். வேன், பிக்கப் போன்ற பின்சக்கர வண்டிகளில் காருக்கு அடியில் போக வேண்டும். வெறும் ஜேக்கை நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டேண்ட் இல்லையென்றால் பட்டறைக்கே கொண்டு போய்விடுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இது கட்டாயம், ஏனென்றால் வேலையின்போது கியர் நியூட்ரலில் இருக்கும், காரைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பிறகு சோக்கெட். பழைய காரின் பிளாஸ்டிக் காய்ந்துபோயிருக்கும், பூட்டை அழுத்தாமல் இழுத்தால் உடைந்துவிடும். தண்டின் மேல் கேபிள் மாட்டியிருக்கும் கைப்பிடித் தகட்டின் நட்டைக் கழற்றும்போது, அந்தத் தகட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் நட்டை மட்டும் திருகினால் அந்த விசை முழுவதும் கியர் பாக்ஸ் உள்ளே இருக்கும் தண்டுக்குப் போகும். அதன் பிறகு சுவிட்சைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பெரும்பாலும் இரண்டுதான். அவற்றைக் கழற்றும் முன் சுவிட்ச் இருக்கும் கோணத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சுவிட்ச் வெளியே வந்ததும் தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்டின் ஆயில் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் புது சுவிட்ச் போட்டால் அதுவும் எண்ணெயில் குளித்துச் சீக்கிரம் போய்விடும்.

இப்போது அந்தத் தடுக்கும் இடம். புது சுவிட்சின் போல்ட் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாட்டில் இருக்கும். அதாவது சுவிட்சைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பலாம். அது தற்செயல் அல்ல. சரியான கோணத்தை நாம்தான் வைக்க வேண்டும். பலர் மாட்டியதும் இறுக்கிவிட்டு, “புது சாமானும் வேலை செய்யவில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்பார்கள். சாமான் நல்ல சாமான்தான், கோணம் தப்பு.

முதலில் தண்டை நியூட்ரலில் வைக்க வேண்டும். வழக்கமான கியர் பாக்ஸில் தண்டின் ஒரு முனை பார்க்கிங். அங்கிருந்து இரண்டு முறை ‘டக்’ என்று விழும்வரை திருப்பினால் ரிவர்ஸ் தாண்டி நியூட்ரல். பிறகு சுவிட்சை அடையாளத்தோடு பொருத்த வேண்டும். 1993 முதல் 2009 வரை வெளிவந்த புரோட்டான் விரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்ட கார் என்பது பலருக்குத் தெரியும். அந்த மிட்சுபிஷி வகை சுவிட்சில் ஒரு சிறு துளை இருக்கும். கைப்பிடித் தகட்டின் நுனியில் உள்ள துளையும் அதுவும் நேராக வர வேண்டும். துளையில் நுழையும் அளவுக்கு ஒரு டிரில் ஊசியைச் செருகி, அது தளர்வாக உள்ளே போகும் இடத்தில் போல்ட்டை இறுக்கினால் சரி. டொயோட்டா வகையில் துளைக்குப் பதிலாக சுவிட்சின் மேல் ஒரு கோடு இருக்கும்; தண்டில் உள்ள வெட்டும் அந்தக் கோடும் ஒரே நேரில் வர வேண்டும். போல்ட்டுகளை முறுக்கித் தள்ளாதீர்கள். கியர் பாக்ஸ் அலுமினியம், மரை பிய்ந்துவிட்டால் முப்பது வெள்ளி வேலை முன்னூறு வெள்ளி வேலையாகும்.

எல்லாம் மாட்டிப் பேட்டரியை இணைத்த பிறகும் பார்க்கிங்கில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் கியர் கேபிளின் அளவு மாறியிருக்கிறது. ராட் பார்க்கிங் என்று காட்டுகிறது, கியர் பாக்ஸில் தண்டு அந்த இடத்துக்கு முழுதாகப் போகவில்லை. அப்போது சுவிட்சைத் திருப்பி ஏமாற்றாமல் கேபிளைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சாமான் விஷயத்தில் என் கருத்து: முடிந்தால் புதிது வாங்குங்கள். பொத்தோங் கடையில் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அதுவும் இன்னொரு பழைய காரில் தேய்ந்த செம்புத் தகடுதான். வேறு வழியில்லை என்றால் கடையிலேயே மீட்டர் வைத்துச் சோதித்து வாங்குங்கள். கார் மாடலோடு, கியர் பாக்ஸ் எண்ணையும் சோக்கெட்டில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கையையும் சொல்லிக் கேளுங்கள். பழைய சுவிட்சையே திறந்து, துரு நீக்கிச் சுத்தம் செய்து போடுபவர்களும் உண்டு. கிரீஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அது பலன் தரும். சாமான் வரும்வரை ஒப்பேற்ற நானும் செய்திருக்கிறேன்.

ஆட்டோ காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்றும் கேட்பார்கள். முடியாது. இன்ஜின் ஓடாமல் கியர் பாக்ஸில் எண்ணெய் அழுத்தம் வராது. பத்துப் பேர் தள்ளினாலும் மூச்சுதான் வாங்கும்.

உங்கள் காரைச் சோதிக்க ஒரு நிமிடம்

பழைய கார் வாங்கப் போகிறவர்களும், முன்பு எங்காவது ‘டைரக்ட்’ செய்திருப்பார்களோ என்று சந்தேகப்படுகிறவர்களும் இதைச் செய்து பாருங்கள். முன்னும் பின்னும் ஆளோ சுவரோ இல்லாத திறந்த இடத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகளை இறக்கித் தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அணைந்திருக்க, ராடை ரிவர்ஸில் வைத்து சாவியை ஒரு கணம் திருப்புங்கள். அடுத்து டிரைவில். இரண்டிலும் ஸ்டார்ட்டர் அசையவே கூடாது. சுற்ற ஆரம்பித்தால் உடனே சாவியை விட்டுவிடுங்கள். அந்தக் காரில் சுவிட்ச் கெட்டிருக்கிறது, கோணம் தப்பியிருக்கிறது, அல்லது யாரோ வயரை இணைத்திருக்கிறார்கள். வாங்கப் போகும் காராக இருந்தால் விலையைப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள்.

பட்டறையில் உங்கள் போமன் ‘டைரக்ட்’ என்ற சொல்லைச் சொன்னால், எந்த வயரை, எதோடு என்று கேளுங்கள். வழியில் நின்றுபோன காரை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு முறை அப்படிச் செய்வதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். டேப் சுற்றி அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்வதுதான் தப்பு.

அந்தத் தோட்டத்து நண்பரின் காருக்கு சுவிட்ச் கிடைக்க நான்கு நாள் ஆனது. வெட்டிய வயர்களை முறையாகச் சேர்த்து, புது சுவிட்சை மாட்டி, சாவியை அவர் கையில் கொடுத்து, “டிரைவில் வைத்துத் திருப்புங்கள்” என்றேன். அவருக்குக் கை நடுங்கியது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை.

“ஸ்டார்ட் ஆகலையே அண்ணே” என்றார்.

“ஆகக் கூடாது” என்றேன்.

பம்பரை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று, கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.